சுட்ட வண்டல்

பிறர் செய்த பிழையைப் பிழை என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. என் மகனை மணந்து பதினோரு ஆண்டுகள் இந்த வீட்டில் இருந்தாள். அவ்வளவு காலத்தில் ஒரு நாளும், யாரிடமும், "நீங்கள் சொல்வது தவறு" என்பதை அவள் எந்த வடிவிலும் சொல்லவில்லை. நானோ முப்பத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்து, பிறருடைய விடைத்தாள்களில் சிவப்பு மையால் கோடிட்டுக் கோடிட்டே கண் மங்கியவன்.

அவள் ஓவியம் வரைபவள். வலங்கைமான் பக்கம், குடமுருட்டித் தண்ணீர் பாயும் ஊர் ஒன்றில் அவள் அப்பாவுக்கு வயல் இருந்தது. அந்த வயலின் வண்டலைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, வேலம்பிசின் சேர்த்துக் குழைத்து, கெட்டியான பருத்தித் துணியின்மேல் வரைவாள். கடையில் வாங்கிய வண்ணம் அவளிடம் மிகக் குறைவு. என் மகனின் பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு, தரையில் குந்தி, தூரிகையைவிட விரலை அதிகமாக நம்பி வேலை செய்வாள். பேச்சு குறைவு. அந்தக் குறைந்த பேச்சிலும் அடிக்கடி வந்த சொல் ஒன்றுதான்: "இருக்கட்டும்."

தஞ்சாவூரில் எங்கள் வீட்டின் பின்புறம் அவளுக்காக ஓர் அறை கட்டினோம். நாள் முழுவதும் வெளிச்சம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்காக வடக்கே ஒரு பெரிய ஜன்னல் கேட்டிருந்தாள். எங்களிடம் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான். உறவினர் திருமணத்துக்காக இரண்டு நாள் குத்தாலம் போய்விட்டுத் திரும்பினோம். மேஸ்திரி ஜன்னலைக் கிழக்கே வைத்து, பூச்சு வேலையையும் முடித்திருந்தார்.

என் மகன் சத்தம் போட்டான். "வடக்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னமா இல்லியா மேஸ்திரி? இடிச்சுட்டு மறுபடி வைங்க."

மேஸ்திரி தலையைச் சொறிந்தபடி என்னைப் பார்த்தார். அதற்குள் அவள் காபித் தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"இருக்கட்டும் மேஸ்திரி. காலை வெயிலுக்கு நல்லாதான் இருக்கும். ஆறுறதுக்குள்ள குடிங்க."

"உனக்குன்னு கட்டுற ரூம்தானே இது?" என்றான் மகன்.

"அதான் நானே சொல்றேன்ல."

அன்றிலிருந்து அவள் ஐந்து மணிக்கே எழுந்து, பத்து மணிக்குள் வேலையை முடித்துக்கொண்டாள். அதற்குமேல் வெயில் ஜன்னலை விட்டுப் போய்விடும். அதிகாலையில் எழுவது அவளுடைய இயல்பு என்று நான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். விருந்தினர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

மூன்றாண்டுகளுக்கு முன், ஜெர்மனியின் வடக்கே எல்பே ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. அங்கே பழைய போதகர் மனை ஒன்றைக் கலைஞர்கள் தங்கும் இல்லமாக மாற்றியிருந்தார்கள். ஜனவரி முதல் மூன்று மாதம் தங்கி வரையலாம், குடும்பமும் வரலாம். என் மகன் வங்கியில் விடுப்பு எடுத்தான். பேத்திக்கு ஆறு வயது. என் மனைவி இறந்து அப்போது இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. என்னைத் தனியே விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் 'துணைவர்', 'குழந்தைகள்' என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. படிவம் சரியில்லை என்று வேறொருவர் எழுதிக் கேட்டிருப்பார். அவள் 'குழந்தைகள்' என்ற கட்டத்தில் பேத்தியின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி, வயது எழுபத்தொன்று என்று போட்டு அனுப்பினாள். நான்கு பேருக்கும் அழைப்பு வந்தது.

அப்பா வயலின் வண்டலை அங்கே கொண்டுபோய் வரைவது அவள் திட்டம். வெளிநாட்டு மண்ணை அப்படியே உள்ளே விடமாட்டார்கள். சூடேற்றிக் கிருமி நீக்கிய பொடியாக இருந்தால் கொண்டு வரலாம் என்று இல்லத்திலிருந்து எழுதினார்கள். "அதை என்னிடம் விடு" என்றேன். நான் வேலை பார்த்த கல்லூரியின் ஆய்வகத்தில் மின்சூளை உண்டு. இரண்டு மூட்டை வண்டலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு நாள் முழுவதும் அதன் பக்கத்திலேயே நின்று சுட்டேன். நூற்றைம்பது பாகை போதுமானது. ஐயத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று அறுநூறு வரை ஏற்றினேன். அது ஆறிய பிறகு, மறுநாள் ஆய்வக உதவியாளரே தகர டப்பாக்களில் அடைத்து ஒட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றின்மேல் என் கையாலேயே பெயர் எழுதினேன்.

அந்த ஊரில் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். நாங்கள் நான்கு தலைமுறையாக லுத்தரன் சபையார். கோயிலில் பதினைந்து பேர்கூட இல்லை. பாமாலையின் மெட்டு எங்களுக்குத் தெரிந்ததுதான். அவர்கள் ஜெர்மனில் பாட, நாங்கள் தமிழில் பாடினோம். ஆராதனை முடிந்ததும் போதகர் எங்களை எழுந்து நிற்கச் சொல்லி, இலங்கையிலிருந்து வந்திருக்கும் அன்பான குடும்பம் என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தார். நான் திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அவள் என் கோட்டின் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும் மாமா. எவ்வளவு ஆசையா சொல்றாரு பாருங்க."

"அப்பா, இன்னையிலேருந்து நமக்கு யாழ்ப்பாணம். மாத்தி எதுவும் சொல்லிடாதீங்க" என்றான் மகன், மெல்ல.

மூன்று மாதமும் நாங்கள் இலங்கைக்காரர்களாகவே இருந்தோம். கொழும்பில் மழை என்று செய்தித்தாளில் வந்த துண்டைக் கத்தரித்து ஒரு மூதாட்டி வாரந்தோறும் அவளிடம் கொடுப்பார். அவள் அதை ஊன்றிப் படித்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வாள். "உங்கள் வீட்டார் பத்திரமாக இருக்கிறார்களா?" என்று அவர் கேட்டால், "பத்திரமாக இருக்கிறார்கள்" என்பாள். அதில் பொய் எதுவும் இல்லை.

டப்பாவைத் திறந்தபோது அறையில் நானும் பேத்தியும் இருந்தோம். உள்ளே செங்கல் தூளைப் போலச் சிவப்பாக இருந்தது. அவள் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டைவிரலால் தேய்த்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தேய்த்தாள்.

"அம்மா, இது ஊர்த் தாத்தா வயல் மண்ணு இல்ல. அது கறுப்பா இருக்கும்" என்றாள் பேத்தி.

"இருக்கட்டும் பாப்பா. தாத்தா சுட்டுக் குடுத்தது."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். வண்டலில் இருக்கும் மட்கிய பொருள் வெப்பத்தில் எரிந்துபோவதையும், இரும்பு காற்றோடு சேர்ந்து சிவப்பதையும், பானையும் செங்கலும் அதனால்தான் சிவப்பாக இருக்கின்றன என்பதையும், வகுப்பில் நின்று சொல்வதைப் போலக் கால்மணி நேரம் சொன்னேன். அவள் கையை விரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்படியா மாமா" என்று இரண்டு முறை சொன்னாள். அவள் அந்த இல்லத்துக்கு அனுப்பிய திட்டத்தை நான் படித்திருக்கவில்லை. படிக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் மாதக் கடைசியில் ஊர்மக்கள் வந்து பார்ப்பதற்கு ஒரு நாள் குறித்தார்கள். நிகழ்ச்சிக்கு ஒரு சிறு அச்சுப் புத்தகம் உண்டு. அவளுடைய பக்கத்தில் தலைப்பின்மேல் ஒட்டுவதற்குச் சிறிய தாள் துண்டுகள் தந்தாள். "தலைப்ப மாத்திட்டேன் மாமா. நீங்களும் பாப்பாவும் ஒட்டித் தர்றீங்களா?" நானும் பேத்தியும் அறுபது புத்தகங்களுக்கு ஒட்டினோம். மேலே ஒட்டிய தலைப்பு 'சூளை'. அடியில் இருந்தது என்ன என்று நான் பார்க்கவில்லை. துண்டு கோணாமல் ஒட்ட வேண்டும் என்பதிலேயே கவனமாக இருந்தேன்.

சுவர் முழுவதும் துணி தொங்கியது. மேலிருந்து பார்க்கும் வயல்கள். வரப்புகள் கட்டம் கட்டமாக ஓடின. ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தால், வயலின் கட்டங்கள் சிறிது சிறிதாகச் சுருங்கி, மறுமுனையில் அடுக்கி வைத்த செங்கற்களாகிவிடும். வயலை வெட்டிச் சூளைக்கு மண் கொடுப்பதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் அதன்முன் வெகுநேரம் நின்றேன். இல்லத்தின் பொறுப்பாளர், அறுபது வயதிருக்கும் ஓர் அம்மையார், என்னருகே வந்து, தம் கையிலிருந்த புத்தகத்தில் நாங்கள் ஒட்டிய துண்டை நகத்தால் நிமிண்டி எடுத்தார். அடியில் 'சேடை' என்று இருந்தது. முதல் தண்ணீர் பாய்ச்சி உழுது, நடவுக்குக் காத்திருக்கும் சேற்று வயலை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஈரச் சேற்றின் கறுப்பைப் பற்றித்தான் அவர் எங்களுக்கு எழுதியிருந்தார். அந்தக் கறுப்புக்காகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தோம்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். "கரித்தூள் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம், இது என் மாமனார் தந்த மண் என்று சொல்லிவிட்டார்."

எல்லோரும் போன பிறகு அவளிடம் கேட்டேன். "ஏம்மா, எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஒரு நாள் பூரா நின்னு சுட்டுக் குடுத்தீங்கல்ல மாமா." அவள் தரையில் சிந்தியிருந்த தூளைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். "இதுவும் நல்லாதானே வந்திருக்கு?"

உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. என் பிழை அவள் கையில் போய் நன்மையாக மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு, எந்தப் பிழையும் அவளிடம் போனால் அப்படியே மாறிவிடும் என்று நம்பிவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் அவளுக்கு இருமல் வந்தது. சளி இல்லாத வறட்டு இருமல். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். என் மகன் வியாழக்கிழமைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கினான். நான் சொன்னேன், "இதுக்குப் போயி டாக்டரா? எல்லாம் ஹீட்டர் காத்து. ரூம்ல ஈரப்பதமே இல்ல. ஹீட்டர் மேல ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சா சரியாயிடும்." காரண காரியத்தோடு சொன்னேன்.

"ஆமா மாமா, ஹீட்டர்தான்" என்றாள்.

ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஹீட்டர் மேல் வைத்தாள். தினமும் காலையில் தண்ணீரை மாற்றினாள். இரண்டு நாள் கழித்து, "மாமா சொன்னப்புறம் பரவால்ல" என்று சொல்லி, வாங்கிய நேரத்தை மகனைக் கொண்டே ரத்து செய்ய வைத்தாள். அவள் யாரையும் திருத்தமாட்டாள் என்பது அன்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இருந்தும் அந்த "ஆமா"வை நான் விடையாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை எங்களை ஆற்றைப் பார்க்க அழைத்துப் போனாள். வெள்ளம் ஊருக்குள் வராமலிருக்க உயரமான புல் கரை போட்டிருக்கிறார்கள். "பெரிய வரப்பு மாமா, அவ்வளவுதான்" என்றாள். கரை ஏறும்போது மூன்று இடத்தில் நின்றாள். நின்ற ஒவ்வொரு முறையும் பையிலிருந்து வரைபுத்தகத்தை எடுத்து விரித்தாள். அவள் வரைகிறாள் என்று நாங்கள் பேசாமல் காத்திருந்தோம். அந்தப் புத்தகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. அன்றைய பக்கத்தில் தேதி மட்டும் எழுதியிருக்கிறாள். வேறு ஒரு கோடும் இல்லை.

ஏப்ரலில் தஞ்சாவூர் திரும்பினோம். அந்த வெயிலில் ஹீட்டர் இல்லை, இருமல் இருந்தது. மே மாதம் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார்கள். பிறகு அது எதனால் என்பதையும் சொன்னார்கள்.

"எவ்வளவு நாளா இருமல்?" என்று மருத்துவர் கேட்டார்.

"மார்ச்லேருந்து டாக்டர்."

"அங்கேயே யாரையும் பாக்கலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "குளிருன்னு நெனச்சு நாந்தான் விட்டுட்டேன் டாக்டர்."

அவள் வெளியே போன பிறகு, மருத்துவரிடம் தனியாகக் கேட்டேன்: மார்ச்சிலேயே பார்த்திருந்தால்? "சொல்ல முடியாது சார்" என்றார். "ஒருவேளை கொஞ்சம் முன்னாடி பிடிச்சிருக்கலாம். ஒருவேளை அப்பவும் இதேதான்." அந்த இரண்டு ஒருவேளைகளுக்கு நடுவில்தான் இன்றும் இருக்கிறேன்.

புரட்டாசியில், அவள் கட்டிலைவிட்டு எழ முடியாதபோது, ஒரு பகலில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான் நேராகவே கேட்டேன். "அம்மா, அன்னைக்கு நான் ஹீட்டர்னு சொன்னது தப்பு. உனக்கு அப்பவே தெரியும்தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"காத்து வறண்டுதான் மாமா இருந்துச்சு" என்றாள்.

"ஒரு தடவ தப்புன்னு சொல்லும்மா."

அவள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என் கைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. நான் கேட்டதற்கு வெட்கப்பட்டேன். அந்த நிலையில் இருப்பவளிடம்கூட எனக்கு வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறேன்.

ஐப்பசி மழையில் அவள் இறந்தாள். என் மகன் விருப்பப்படி அவள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். குழிக்கு வெட்டிப் போட்டிருந்த மண் நனைந்து, கன்னங்கரேலென்று குவிந்திருந்தது. போதகர் செபிக்கும்போது கண்ணை மூட வேண்டும். நான் மூடவில்லை. அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சென்ற ஆண்டு அவளுடைய அறைச் சுவரில் ஓதம் ஏறியது. பழைய மேஸ்திரியை அழைத்தோம். அவர் ஜன்னலருகே நின்று, "ஐயா, இத அன்னைக்கு நீங்கதான் கிழக்க வைக்கச் சொன்னீங்க. போன்ல. காத்து வரும்னீங்க. நான் சொல்லலாம்னு பாத்தேன், அம்மா காபியக் குடுத்து வாய அடைச்சுட்டாங்க" என்றார், சிரித்துக்கொண்டே.

எனக்கு நினைவில்லை. ஆனால் அது நான் பேசுவதைப் போலத்தான் இருந்தது. அப்படியென்றால் அவள் ஐந்து மணிக்கு எழுந்ததற்கும் காரணம் நான்தான். பதினோரு ஆண்டுகளில் அவள் சொன்ன "இருக்கட்டும்"களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, எது யாருடைய பிழை என்று பிரித்துப் பார்க்க முயல்கிறேன். எதையும் உறுதி செய்துகொள்ள முடியவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை.

பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. மகன் காலையில் திருவாரூர் கிளைக்குப் பேருந்து ஏறிவிடுவதால், அவளைப் பள்ளிக்குத் தயார் செய்வது என் பொறுப்பு. சென்ற வாரம் அவளுடைய வகுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார்.

"சார், புதன்கிழமைன்னா வெள்ளை யூனிஃபார்ம். பாப்பா மூணு வாரமா நீலத்துலயே வர்றா. அசெம்பிளில தனியா நிக்க வேண்டியதாயிடுது. ஏம்மான்னு கேட்டா, நாந்தான் மறந்துட்டேன் மிஸ்ங்கறா."

அவள் மறக்கவில்லை. நீலத்தை எடுத்து வைத்தவன் நான். மாலையில் அவள் புத்தகப் பையை இறக்கி வைத்ததும் கேட்டேன்.

"வெள்ளைன்னு தாத்தாகிட்ட ஏன் பாப்பா சொல்லல?"

அவள் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க அயர்ன் பண்ணி வச்சிருந்தீங்கல்ல தாத்தா."

ஜெர்மனியில் டப்பாவைத் திறந்தபோது, இது அந்த மண் இல்லை என்று பட்டென்று சொன்ன குழந்தை அவள்தான்.

அன்று மாலையே அவளை மேசைக்கு எதிரே உட்கார வைத்தேன். "தப்பு யாரு செஞ்சாலும் தப்புன்னு சொல்லணும். தாத்தா செஞ்சாலும் சொல்லணும். இன்னைக்கு அதான் நமக்குப் பாடம்" என்றேன். அவளுடைய கணக்கு நோட்டை வாங்கி, பென்சிலால் வேண்டுமென்றே 7 × 8 = 54 என்று எழுதி, அவள் பக்கம் தள்ளினேன். பிழையைச் சுழித்துக் காட்ட என் பழைய சிவப்புப் பேனாவையும் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டேன்.

அவள் நோட்டைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன, ஏழாம் வாய்பாடு ஓடுவது எனக்குத் தெரிந்தது. எட்டில் வந்து நின்றாள். தலைநிமிர்ந்து என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"சொல்லு பாப்பா. தாத்தா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவள் ரப்பரை எடுத்து ஏழை அழித்து, அந்த இடத்தில் ஆறு என்று எழுதினாள். எட்டை அழித்து ஒன்பது என்று எழுதினாள். ஐம்பத்து நான்கைத் தொடவில்லை. ரப்பர் துகளை ஊதிவிட்டு, நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்ப பாருங்க தாத்தா."

விடை சரியாக இருந்தது. சிவப்புப் பேனா என் கையில் திறந்தபடியே இருந்தது. அந்தப் பக்கத்தில் கோடிடுவதற்கு ஒன்றும் இல்லை.